பரணில் தூங்கும் பாட்டுப் பெட்டி

தாத்தா காலத்துப் பாட்டுப் பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? எடைக்குப் போடும் முன், அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்.

எடிசன் 1877-இல் செய்த போனோகிராஃப், உருளையில் பாடும். பெர்லினர் 1887-இல் காப்புரிமை கேட்ட கிராமபோன், தட்டில் பாடும். நம்ம ஊரில் பெரும்பாலும் கிடைப்பது தட்டுதான். எனக்கு வந்தது சூட்கேஸ் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே தகட்டில் 102, சவுண்ட் பாக்ஸில் 5ஏ என்று இருந்தது. 1931-இல் அறிமுகமான எச்.எம்.வி. மாடல் அது. "பெரிய பித்தளைப் புனல் வச்சுத் தரேன், நல்ல விலைக்குப் போகும்" என்றார் பழைய சாமான் வியாபாரி ஒருவர். வேண்டாம் என்றேன். இந்த மாடலுக்குப் புனல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழைய பாகத்தோடு புதுப் புனலைச் சேர்த்துத்தான் போலிகள் சந்தைக்கு வருகின்றன.

மோட்டார்: சாவி கொடுத்தால் சுருள்வில் முறுகும். அது விரியும்போது தட்டு சுற்றும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர், நாம் தியரி ஆஃப் மெஷின்ஸில் படித்த அதே தத்துவம்தான். வேகம் கூடினால் மூன்று எடைகள் வெளியே விரிந்து, ஒரு வட்டத் தகட்டை இழுத்து பிரேக் பேடில் உரச வைக்கும். கெட்டிப்பட்ட பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் விட்டேன். பாடவைத்ததும், "குரல் இறங்கியிருக்கேடா" என்றார் பாட்டி. தட்டில் காகிதத் துண்டு வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு 78 சுற்று வர வேண்டிய இடத்தில் 74! நாலு சுற்று குறைந்தாலே ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும். வேகத் திருகைத் திருப்பிச் சரிசெய்தேன்.

எச்சரிக்கை: முறுக்கு முழுக்க இறங்காமல் மோட்டாரைக் கழற்றாதீர்கள். இறங்கிய பிறகும் டிரம்முக்குள் சுருள்வில் அடைபட்டே இருக்கும். திறந்தால் சீறி வந்து கையைக் கிழிக்கும். அந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள்.

சவுண்ட் பாக்ஸ்: கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம், டயஃப்ரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரப்பர் வளையம் கல்லாகிப் போனதுதான். மெல்லிய, மெத்தென்ற ரப்பர் குழாய் போதும்.

இசைத்தட்டு: ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி போடுங்கள். தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட் பட்டால் கரையும். எல்.பி. தட்டை இதில் வைக்கவே கூடாது. கனமான சவுண்ட் பாக்ஸ் அதை உழுதுவிடும்.

கழற்றிய பழைய பாகம் எதையும் எறியாதீர்கள். ஓடுவதற்கு எது தேவையோ அதை மட்டும் மாற்றுவதுதான் பழுதுபார்ப்பு. மற்றதெல்லாம் வேஷம்!