மழைக்காலத்தில் கதவு திடீரென இறுகுவது ஏன்?

நேற்றுவரை சுலபமாகச் சாத்திய லயத்துக் கதவு இன்று நிலையில் உரசுகிறதா? ஈரத்தில் பலகை ஊதியிருக்கலாம். ஆனால் சுவரிலும் முற்றத்திலும் புது வெடிப்பு தெரிந்தால், மலையைக் கவனியுங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. உறவுகளைத் தேடி மண்ணைத் தோண்டியவர்களை மறக்க முடியாது.

மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதால்தான் சரிவில் மண் நிற்கிறது. அடைமழையில் இடைவெளியெல்லாம் நீர் நிரம்பி, துகள்களை விலக்கித் தள்ளுகிறது. சுடுநீரில் கழுவிய டம்ளரை ஈரத்தரையில் கவிழ்த்தால் தானே வழுக்கி நகருமே, பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சூடேறிய காற்று சற்றே தூக்க, பிடி தளர்கிறது. மலைக்குள் அந்த வேலையை நீர் செய்கிறது.

பல சரிவுகள் முதலில் மெல்ல ஊரும். அப்போது அத்திவாரம் கோணும், கதவுநிலையும் கோணும். மரங்கள், மின்கம்பங்கள் சாயும். பீலித் தண்ணீர் கலங்கும்.

கொட்டும் மழையில் பீலி திடீரென நின்றால் இன்னும் ஆபத்து. வழி அடைபட்டு, நீர் மலைக்குள்ளேயே தேங்கக்கூடும். விடியட்டும் என்று இருக்காதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்கு உடனே போய்விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அங்கிருந்து அழைக்கலாம்.