காலணியைச் சோதிக்கும் எந்திரக் கால்

எங்கள் பாத நலப் பிரிவுக்கு வருவோரில் பலர், புதிதாக வாங்கிய விளையாட்டுக் காலணியைக் காட்டி, "விலை சற்று அதிகம்தான், எனக்கு இது ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்கின்றனர். விலைச்சீட்டு அதற்கு விடை சொல்லாது. அத்தகைய காலணிகள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்பதை அறிந்தால் ஓரளவு தெளிவு பிறக்கும்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை பாதத்தின்மீது ஏறுகிறது. ஆய்வுக்கூடத்தின் தரையில் பதித்த விசைத்தட்டு இதை அளக்கிறது. கணுக்காலும் முழங்காலும் மடங்கும் கோணங்களைக் கேமராக்கள் பதிவு செய்கின்றன. இப்பதிவின்படி இயங்குமாறு ஒரு ரோபோவை அமைத்து, அதன் நுனியில் செயற்கைப் பாதம் பொருத்திக் காலணி மாட்டிவிட்டால், ஒரே அடியை அது ஆயிரக்கணக்கான முறை பிசகாமல் எடுத்து வைக்கும். மனிதரால் இது இயலாது; களைத்தவுடன் நடை மாறிவிடும். எளிய முறையும் உண்டு: 8.5 கிலோ எடையைக் காலணியின் குதிகால் பகுதிமீது 5 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச் செய்து, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கின்றனர்.

காலணியின் நடுத்தளத்து நுரை நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதை இச்சோதனைகள் காட்டுகின்றன. மேற்புறம் புதிதுபோல் மின்னினாலும் உள்ளே மென்மை போயிருக்கலாம்.

ஆயினும் எந்திரத்துக்கு வலி தெரியாது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்த பென்னோ நிக், அணிபவர் உணரும் சுகமே காலணித் தேர்வுக்கு நல்ல வழிகாட்டி என்று வாதிட்டார். உணர்வுள்ள பாதத்துக்கு அது பொருந்தும். நீரிழிவால் நரம்பு பழுதடைந்த பாதத்துக்கோ இறுக்கமான காலணியும் சுகமாகவே தோன்றும். உள்ளே கிடக்கும் கல்கூடத் தெரியாது. எங்கள் கவலை இதுவே.

இச்சிக்கலை ஆழ்ந்து ஆராய்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் உணர்விழந்த பாதங்களில் புண் உண்டாவதற்கு, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே பெருங்காரணம் என்று கண்டார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், சாயம் நிறைந்த நுண்குமிழ்கள் கொண்ட காலுறையை அவர் குழுவினர் பயன்படுத்தினர். அதை அணிந்து நடந்தால், அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழ்கள் உடைந்து சாயம் கசியும். பாதம் சொல்ல இயலாததைக் காலுறை சொன்னது. இன்று காலணிக்குள் வைக்கும் தாள்போன்ற உணரிகள் அவ்வேலையைச் செய்கின்றன.

வீட்டிலும் ஒரு சோதனை உண்டு. தாளின்மேல் நின்று பாதத்தை வரைந்து வெட்டி, காலணிக்குள் வையுங்கள். தாள் ஓரத்தில் மடங்கினால் அக்காலணி வேண்டாம். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளவு பார்ப்பதே நல்லது. பந்தயத்துக்கென உருவான, விறைப்பான தகடு பதித்த காலணிகளை உறவினர் ஆசையுடன் வாங்கித் தந்தாலும் தவிர்த்துவிடுங்கள். அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். புதியதை முதல் நாளில் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியபின் பாதத்தைப் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டார் பார்க்கட்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அக்காலணியை மீண்டும் அணியாமல் எங்களிடம் வாருங்கள்.

வரும்போது பழைய காலணியையும் எடுத்து வாருங்கள். அதன் அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்தே நாங்கள் பார்க்கத் தொடங்குவோம்.