மோட்டார் எஞ்சினிற் கேட்கும் புதுவொலி

மோட்டார்க் காரின் எஞ்சினில் முன்னர்க் கேளாத ஒலியொன்று கேட்குமாயின், பழக்கமில்லாதவன் உடனே அதற்குப் பெயரிட முயல்வான். 'தட்டுகின்றது', 'உறுமுகின்றது' என்னுஞ் சொற்களோ கேட்போனுக்குக் கேட்போன் வேறுபடுவன. எவர் கேட்பினும் வேறுபடாதது ஒலியின் தாளமே. அவ்வொலி எதனோடு ஒத்து விரைகின்றது, எப்பொழுது தோன்றி எப்பொழுது மறைகின்றது என்பவற்றை நோக்கினால், பெயரறியாத ஒலியின் பிறப்பிடத்தையும் அணுகலாம்.

காரை நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்து, கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிடுக. ஒலியும் உடன் விரையுமாயின் அது எஞ்சினைச் சார்ந்தது. ஓட்டத்தில் மட்டும் கேட்டு, கார் உருளும் வேகத்தோடு ஏறியிறங்குமாயின் சில்லுகளையும் அவற்றின் தாங்கிகளையும் ஆராய்தல் வேண்டும். பழைய கார்களில் விசிறிப் பட்டியைக் கழற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் மாத்திரம் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. அப்பொழுது ஒலி மறைந்தால் குறை தைனமோவிலோ நீர்ப்பம்பியிலோ உள்ளது. எஞ்சினைத் திறவாமலே தீர்ந்துபோகும் ஐயங்கள் இவ்வாறு பல.

எஞ்சினுக்குள்ளேதான் ஒலி என்று துணிந்தபின் தாளம் மேலும் பயன்படும். நான்கடிப்பு எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டு, கிராங்குத் தண்டு இருமுறை சுழல ஒருமுறையே சுழலும். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் எஞ்சினிற் கிராங்குத் தண்டு செக்கனுக்கு 10 முறை சுழல, ஒவ்வொரு வால்வும் 5 முறையே திறக்கும். ஐந்தைக் கவனமுள்ள காது எண்ணிவிடும். பத்தை எண்ணுதல் அரிது. ஆகவே மெதுவாக ஓடும்போது எண்ணத்தக்கதாய், மேற்புறத்தில் 'டிக் டிக்' என மெல்லெனக் கேட்பது பெரும்பாலும் வால்வின் இடைவெளி மிகுந்ததனால் எழுவது. 1952இலிருந்து மொறிஸ் மைனரிற் பூட்டப்பட்ட எஞ்சினுக்கு அவ்விடைவெளி 0.012 அங்குலம். ஒலியை முற்றாக ஒழிக்க விரும்பி இடைவெளியை மேலும் குறைப்போர் உளர். அது தவறு. இடைவெளி போதாத வால்வு ஓசையின்றியே எரிந்து கெடும். தட்டும் வால்வோ தன் குறையைத் தானே சொல்லும்.

கீழிருந்து எழும் கனத்த இடியோசை வேறு வகையினது. இணைப்புக்கோலின் தாங்கி தேய்ந்தால் பிறக்கும் அவ்வோசை, பொதுவாகக் கிராங்குத் தண்டோடு ஒத்து விரையும்; பாரம் ஏறும்போதும் அக்சிலேற்றரை விடும்போதும் மாறும். எண்ணெய் அமுக்கமும் உடன் குறைந்திருப்பின் காரை அவ்விடத்திலேயே நிறுத்துதல் நன்று. எந்தச் சிலிண்டர் என்பதை அறியப் பழைய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் மின்னையும் முறையே நிறுத்திப் பார்ப்பர். குறையுள்ள சிலிண்டரின் முறை வரும்போது ஓசை தணியும். மின்னணு முறையில் எரியூட்டப்படும் இன்றைய எஞ்சின்களில் இதனைச் செய்தல் தகாது; உறுப்புகள் பழுதடையக்கூடும். நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதருகே எலும்பில் வைத்துக் கேட்கும் முறை எக்காருக்கும் பொருந்தும். வளியில் எல்லா ஒலியும் கலந்து வர, உலோகக் கோலோ தான் தொட்ட இடத்தின் அதிர்வையே மிகுத்துக் கொணரும். 1816இற் பாரிசில் இலெனெக் என்னும் மருத்துவர் கடதாசியைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இத்தகையதொரு தேவை பற்றியே. விசிறிக்கு அண்மையில் தொங்கும் ஆடையோடு குனிதல் மட்டும் ஆகாது.

இவ்விரு வகையிலும் அடங்காத ஒலியொன்றை யாழ்ப்பாணம் நன்கறியும். 1990களிற் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், அங்குள்ள பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிதளவு பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. பாரம் ஏறும்போது, சிலிண்டரில் சுவாலை சென்று சேருமுன்னரே எஞ்சிய மண்ணெண்ணெய்க் கலவை தானாக வெடித்துக் 'கலகல'வென்று ஒலிக்கும். அக்சிலேற்றரைத் தளர்த்தினால் அது நின்றுவிடும்; எரியூட்டும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்தாலும் தணியும். தளர்த்தியும் நில்லாத கனத்த ஓசை கேட்டாற் காரணம் வேறு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைக் கடந்து கீழிறங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்து தாங்கிகளைத் தேய்த்துவிடும். அதனை அறிய அளவுகோலை உருவிப் பார்த்தல் போதும்: மண்ணெண்ணெய் மணக்கும்; நாள்தோறும் குறைய வேண்டிய எண்ணெயின் மட்டம் ஏறியிருக்கும்.