மீன் தொட்டியிற் பொய்ப்பாறை

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், கரையோரப் பாறைகளிடையே முபுனா என்னும் சிறு மீன்கள் வாழ்கின்றன. பாறைமேற் படரும் பாசியே அவற்றிற் பெரும்பாலனவற்றிற்கு உணவு. பாறையின் இடுக்கே புகலிடம். ஆதலின் அவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விழைவோர் பாறையும் அமைத்துத் தரல் வேண்டும். மெய்க்கல்லை உயர அடுக்கினால் அது சரிந்து கண்ணாடியை உடைத்தலும் கூடும். எனவே, பலர் தெர்மோகோலைச் செதுக்கிச் சிமெண்டு பூசிப் பின்சுவரில் ஒட்டுகின்றனர்.

செதுக்குதல் அரிதன்று, கூரிய கத்தியும் ஓய்ந்த மாலைப்பொழுதும் போதும். அரியது யாதெனின், அதனை நீரின்கீழ் நிறுத்துதலே என்போம். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. உயரமும் 5 செ.மீ. கனமும் உடைய பலகை ஏறக்குறைய 20 லிட்டர் இடங்கொள்ளும். இலேசான வகையாயின் அதன் எடை அரைக் கிலோவும் இராது. நீரில் முற்றும் அமிழின், அது விலக்கிய நீரின் எடையாகிய 20 கிலோ அதனை மேனோக்கி உந்தும். செதுக்கிப் பாதியாக்கினும் 10 கிலோ எஞ்சும். தமிழ் பயிலும் எமக்கு ஆர்க்கிமிடீசோடு யாது உறவென நகைப்பாருளர். ஒருநாட் காலையில் தம் பாறை மிதக்கக் கண்டபின் அவர் நகையார்.

ஆகவே, வெறுந்தொட்டியைத் துடைத்துலர்த்தி, பூஞ்சைக்கொல்லி கலவாத சிலிக்கோன் பசையிட்டுப் பலகையை அழுத்தி, பசை நன்கு இறுகுமளவும் காத்தல் வேண்டும். அசிட்டோன், பெட்ரோல் முதலியன கலந்த பசை ஆகாது. அவை தெர்மோகோலையே கரைத்துவிடும். ஓரங்களில் இடைவெளி விடலாகாது. அதனுட் புகுந்த மீன் மீளாது மடியும்.

சிமெண்டைக் கஞ்சிபோற் கரைத்து முதற்பூச்சும், சற்றே கெட்டியாக இரண்டு மூன்று பூச்சும் இடுவர். மீனின் உயிர் ஊசலாடுவது இங்கேதான். புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தை மிகுவிக்கும். மலாவி நீர் இயல்பிலேயே சிறிது காரமுடையது. எனினும் இத்துணைக் காரத்தை முபுனாவும் பொறாது. அமேசான் பகுதியின் புளிப்பு நீரிற் பிறந்த நியான் டெட்ராவுக்கோ கேடு பன்மடங்கு. தொட்டியை நிரப்பிச் சில நாள் வைத்துக் கொட்டுக, மீண்டும் நிரப்புக. சோதனைத் தாளில் அந்நீரும் குழாய்நீரும் ஒத்த நிறங்காட்டும்வரை இதுவே வேலை. வாரங்கள் பல செல்லலாம்.

தவளை வளர்க்கும் ஈரப்பெட்டிகளில் நீர் அடியிற் சிறிதே நிற்றலின், மிதப்புத் தொல்லை இல்லை. குப்பியினின்று பீய்ச்சும் பாலியூரித்தேன் நுரை பொங்கி இறுகியபின் அதனைச் செதுக்கி, சிலிக்கோன் தடவி, அது உலருமுன் தேங்காய் நார்த்தூளை அழுத்துவர். இறுகாத நுரை கையிற் பட்டால் எளிதிற் போகாது, கையுறை வேண்டும். பசையின் காடிமணம் முற்றும் நீங்கியபின்னரே தவளையை விடுக. அதன் மெல்லிய தோல் நஞ்சை விரைவில் உறிஞ்சும்.