வில்லங்கம் பார்க்க முடியாத சில்லு

மார்ச் 31 நெருங்குகிறது. அதற்குள் நிதியைச் செலவிட்டு பில்லைக் கணக்கில் ஏற்றியாக வேண்டிய கல்லூரி ஆய்வகங்களிலிருந்தும், சிறுசேரி, நாவலூர் பக்கத்துச் சிறு நிறுவனங்களிலிருந்தும் வரும் கடிதங்கள் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: “64 கோர் எபிக் ப்ராசஸர், மதர்போர்டோடு சேர்த்து நம்ப முடியாத விலைக்குச் சொல்கிறார்கள். வாங்கலாமா?” சர்வர் ப்ராசஸர் என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விலை குறைவு என்பதே மோசடிக்கு அடையாளம் ஆகாது. ஏ.எம்.டி.யின் எபிக் 7742 ஆகஸ்ட் 2019-இல் வந்தபோது அறிவிக்கப்பட்ட விலை 6,950 டாலர். இன்று பழைய சந்தையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைத்தால் வியப்பில்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவை தங்கள் சர்வர்களுக்குக் கணக்கு வைத்திருக்கும் ஆயுளே ஆறு ஆண்டுதான். அந்தத் தலைமுறைச் சர்வர்கள் கழற்றப்படும் காலம் இது. சரக்கு குவிகிறது, விலை இறங்குகிறது. சந்தேகம் வரவேண்டிய இடம் வேறு: ஒரே மாடல், ஒரே நிலை, ஆனால் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடப் பாதி விலை சொல்கிறார் என்றால், அந்தச் சில்லு பூட்டப்பட்டதாக இருக்கலாம்.

இந்தப் பூட்டுக்கு ஏ.எம்.டி. வைத்திருக்கும் பெயர் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட். எபிக் சில்லுக்குள் 64 கோர்களும் எழுவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் சின்ன ஏ.ஆர்.எம். ப்ராசஸர் ஒன்று இருக்கிறது. மதர்போர்டில் உள்ள பயாஸில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்த பிறகே அது மற்றவற்றை எழுப்பும். எந்த நிறுவனத்தின் கையெழுத்து செல்லும் என்பதைச் சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய ஃபியூஸ்களை எரித்துப் பதிக்கிறார்கள். எரிந்த ஃபியூஸை மறுபடி ஒட்ட வழியில்லை. இந்த வசதி இயக்கப்பட்ட டெல் சர்வரில் ஒரு புதுச் சில்லைச் செருகி முதல் தடவை ஆன் செய்தால் போதும், அது டெல்லுக்கே உரியதாகிவிடும். இன்னொரு டெல்லில் ஓடும். சூப்பர்மைக்ரோ போர்டில் உயிரே வராது. லெனோவோவின் சில இயந்திரங்களிலும் இதே கதை.

பயாஸில் யாரும் கைவைக்காமல் காக்கவே இந்த ஏற்பாடு என்பது நிறுவனங்கள் தரும் விளக்கம். பாதி உண்மை. சர்வரைத் திறந்து பயாஸை மாற்றும் அளவுக்கு அருகில் வந்துவிட்டவன், பூட்டப்படாத வேறொரு சில்லையும் கூடவே கொண்டுவந்து மாட்டலாமே? பூட்டு சில்லை அந்த நிறுவனத்தின் போர்டுகளோடு கட்டுகிறதே தவிர, போர்டைச் சில்லோடு கட்டவில்லை. பழைய சந்தையில் வாங்குபவர்தான் இதற்கு முழு விலை கொடுக்கிறார்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பூட்டப்பட்ட சில்லின் உலோக மூடியில் எந்த அடையாளமும் கிடையாது. ஈ.சி.ஆர். ஓரம் மனை வாங்குபவர் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். ப்ராசஸருக்கு அப்படியொரு ஏடு எங்கும் இல்லை. கண்டுபிடிக்க ஒரே வழி ஓட்டிப் பார்ப்பது. ஓட்டிப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. வியாபாரி நல்ல மனதோடு, “உங்கள் முன்னாலேயே டெஸ்ட் பண்ணிக் காட்டுகிறேன்” என்று கடையிலிருக்கும் டெல் சர்வரில் செருகினால், அதுவரை பூட்டில்லாமல் இருந்த சில்லு அந்த நொடியிலேயே பூட்டிக்கொள்ளக்கூடும். திரையில் 64 கோரும் தெரியும், நீங்களும் திருப்தியாகப் பணம் கொடுப்பீர்கள். வீட்டுக்கு வந்து உங்கள் போர்டில் மாட்டினால் திரை இருட்டாகவே இருக்கும். கடைக்காரர் “உங்கள் போர்டுதான் கோளாறு” என்பார், பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே.

ஆகவே எந்தச் சர்வரிலிருந்து கழற்றியது என்று முதலில் கேளுங்கள். சூப்பர்மைக்ரோ, ஜிகாபைட் போன்ற பொதுவான போர்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘பூட்டு இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ‘டெஸ்டிங் வாரண்டி’ என்ற வாய்ச்சொல் கடைப்படியைத் தாண்டாது. ‘ரீஃபர்பிஷ்டு’ முத்திரையும் அப்படித்தான். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி புதுப்பிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிய வேண்டும், சரி. ஆனால் உள்ளே எரிந்த ஃபியூஸைப் பற்றி அந்தப் பதிவு வாய் திறக்காது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பழைய ஜியானிலும் இந்தப் பூட்டு உண்டா? இன்டெல்லின் ஃபியூஸ் மதர்போர்டுச் சிப்செட்டில் இருந்தது, ப்ராசஸர் தப்பித்தது.

மூடியில் ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்றிருக்கிறதே? சோதனைக்கு இரவல் கொடுத்த மாதிரிச் சில்லு அது, விற்பனைக்கு உரியதல்ல, தொடாதீர்கள்.

பாதி ரேம்தான் தெரிகிறது? போர்டின் சாக்கெட்டில் 4,094 பின்கள். எது வளைந்திருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடுங்கள்.

சூப்பர்மைக்ரோ எச்11எஸ்எஸ்எல் மலிவாக வருகிறதே? 7742 போன்ற 7002 வரிசைச் சில்லுக்கு அதன் இரண்டாம் ரிவிஷன் வேண்டும். போர்டில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் ஓடிய போர்டு என்றால்? உப்புக்காற்று பட்ட செம்பு பச்சை பூக்கும். திருகு, மின் இணைப்பு முனைகளைப் பாருங்கள். டிசம்பர் 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் நனைந்ததா என்பதற்கும் அதே சோதனைதான்.

பில் இல்லாமல் இன்னும் குறைக்கிறார்கள்? 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கும் நிறுவனத்துக்கு அதில் லாபமே இல்லை.

ஆன்லைனில் பணம் போய்விட்டது? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால் போகலாம். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே கருதுவதில்லை, பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நீங்கலாக. கம்பெனி பெயரில் வாங்குபவருக்கு, பில்லில் எழுதி வாங்கிய அந்த ஒரு வரிதான் பிடிமானம்.