ஓரெழுத்து மாறினால்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி அமைந்த பந்தலூர் வட்டத்தைத் தேயிலைக்காகவும் பெருமழைக்காகவுமே நம்மில் பலர் அறிவோம். அங்கு வாழும் பணியர் முதலான பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை எனும் பரம்பரை நோய் காணப்படுகிறது. இந்தியாவில் இந்நோய்க் கூறு பற்றி வெளிவந்த முதற் பதிவுகளுள் ஒன்று நீலகிரிப் பழங்குடியினரைப் பற்றியதே. லேமன், கட்புஷ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1952இல் அதனை வெளியிட்டனர். மரபணுவில் பொறிக்கப்பட்டிருப்பது எவ்வாறு புரதமாகிறது என்பதை விளங்கிக்கொள்ள இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

குருதிக்குச் செந்நிறம் தருவதும் உயிர்வளியைச் சுமப்பதும் ஹீமோகுளோபின் என்னும் புரதம். ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு சங்கிலிகளால் ஆனது அது. பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் மணிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்னும் வரிசை, 11ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது.

அம்மூலம் உட்கருவை விட்டு வெளியேறுவதில்லை. அதன் படி ஒன்று தூது ஆர்.என்.ஏ. வடிவில் எடுக்கப்பட்டு, வேண்டாத பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. அங்கே ரைபோசோம் அதனை மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கிறது. ஒவ்வொரு மும்மைக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. சுமந்துவந்து சேர்க்கிறது. எந்த மும்மைக்கு எந்த அமிலம் என்னும் அகராதியை வகுத்தோருள் ஒருவரான ஹர் கோவிந்த் குரானா 1968இல் நோபெல் பரிசு பெற்றார். ரைபோசோமின் கட்டமைப்பை வெளிப்படுத்தியதற்காக 2009இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நம் சிதம்பரத்தில் பிறந்தவர்.

இனிப் பிழைக்கு வருவோம். பீட்டாச் சங்கிலியின் 6ஆம் இடத்துக்குரிய மும்மை குவானைன், அடினைன், குவானைன். இதன் பொருள் குளூட்டாமிக் அமிலம். நடுவிலுள்ள அடினைன் தைமினாக மாறிவிட்டால், தூது ஆர்.என்.ஏ.யில் அவ்விடத்தில் யுராசில் அமைந்து, பொருள் வாலின் என்றாகிவிடுகிறது. அமிலம் மாறியிருப்பதை வெர்னன் இங்கிராம் 1957இல் நிறுவினார். ரைபோசோம் தவறேதும் செய்யவில்லை. தன்முன் வந்த பாடத்தை அப்படியே மொழிபெயர்க்கிறது. மூலத்தைத் திருத்தும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்கு இல்லையல்லவா!

குளூட்டாமிக் அமிலம் நீரை நாடுவது. வாலின் நீரை விலக்குவது. ஆகவே உயிர்வளியை இறக்கிவிட்ட நிலையில் இப்புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாளாய் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாள்களில் அழிகிறது. சோகையும் தாங்கொணா எலும்பு வலியும் இதன் விளைவே. குளிரும் உடலில் நீர் வற்றுதலும் அவ்வலியைத் தூண்டவல்லன.

பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய படி வந்தால்தான் இந்நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கொடிய வகை மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாது, கூறுடையோரையெல்லாம் நோயாளிகளெனத் திருமணத்தில் ஒதுக்குவது அநீதி. இருவருமே கூறுடையவராயின் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. குருதிச் சோதனையொன்று இதனை முன்னரே அறிவித்துவிடும். நடுவண் அரசு 2023 ஜூலையில் தொடங்கிய ஒழிப்பு இயக்கமும் இச்சோதனையையே அடிப்படையாகக் கொண்டது.

2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை அந்த ஓரெழுத்தைத் தொடுவதே இல்லை. கருவில் இயங்கி, பிறந்த சில மாதங்களில் அடங்கிவிடும் வேறொரு ஹீமோகுளோபின் மரபணுவை மீண்டும் இயங்கச் செய்கிறது. அதற்கான செலவோ பல கோடி ரூபாய். பந்தலூரின் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு எட்டக்கூடியது ஹைட்ராக்சியூரியா என்னும் பழைய மருந்துதான். அதுவும் பெரும்பாலும் அதே கருப்பருவ ஹீமோகுளோபினைப் பெருக்கியே பயன் தருகிறது.