முதிய அங்கத்தினரும் மோட்டார் வண்டியும்

நெசவாளர் சங்கங்களுக்கும் பால் சங்கங்களுக்கும் பார்வையிடச் செல்லும்போது, வாசலில் நிற்கும் வண்டிகளை ஒரு கணம் கவனித்துவிட்டே உள்ளே நுழைகிறோம். முன்னொரு காலத்தில் அங்கே சைக்கிள்களே நின்றன. 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற சிறு மோட்டார் வண்டி வெளிவந்த பிறகு, பாவு மூட்டையும் துணிக்கட்டும் பால் கேனும் உர மூட்டையும் சிறுகச் சிறுக அதன்மேல் ஏறின. அன்று முப்பது வயதில் அவ்வண்டியை வாங்கிய அங்கத்தினருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. இதற்குள் வண்டி இரண்டு மூன்று முறை மாறியிருக்கும், ஓட்டுபவர் அவரேதான்.

இவர்களை வண்டியை விட்டு இறங்கச் சொல்வது நமது நோக்கமன்று. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில், “இனி வண்டியைத் தொடாதீர்கள், அப்பா” என்று சொல்லிவிடலாம். பாவு வாங்க நான்கு மைல் யார் போவது என்பதற்கு அவனிடம் விடை இல்லை. பேருந்து வராத ஊர்களில் வண்டியே முதியவரின் கால். ஆகையால் அதை விடுவதா வைத்துக்கொள்வதா என்ற வழக்கை ஒதுக்கிவிட்டு, வயது ஏறியபின் அதே சாலையும் அதே வண்டியும் எவ்வாறு வேறாகின்றன என்பதையும், விழுந்தவர் மீண்டும் தறிக்கும் வயலுக்கும் திரும்புவது எதைப் பொறுத்தது என்பதையும் கவனிப்போம்.

முதலில் கண். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளி, இருபது வயதில் சென்றதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் பாவை சுருங்கிப்போவதும், உள்ளிருக்கும் ஆடி மங்கிப்போவதும் இதற்குக் காரணம். புரை தொடங்கியவருக்கு எதிரே வரும் லாரியின் விளக்கொளி சிதறிக் கண்ணை மறைக்கும். பகலில் பாவின் ஒற்றை இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கும் நெசவாளர், அந்தி மயங்கியபின் சாலையின் குறுக்கே நிற்கும் மாட்டைக் காணாமற் போவதில் வியப்பில்லை. பகலில் தெளிவாகத் தெரிகிறது என்பதை இரவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

அடுத்து, கைக்கும் காலுக்கும் மூளையின் ஆணை சென்று சேரும் நேரம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. பிரேக்கைப் பிடிக்க அரை விநாடி கூடுதலாக ஆனால், ஐந்தரை மீட்டர் தூரம் வண்டி தன் போக்கில் ஓடிவிடும். ஒரு மாட்டு வண்டியின் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்தால் இந்த நஷ்டத்தைப் பெருமளவு மீட்டுக்கொள்ளலாம். வேகம் குறைந்தால் நிற்கும் தூரம் அதைவிட அதிக விகிதத்தில் குறைகிறது என்பது கணக்குப் படித்தவர்கள் அறிந்ததே. கழுத்து முன்போல் திரும்பாததால், வலப்பக்கம் ஒடிக்கும்போது பின்னால் வருவதைப் பாராமல் ஒடிப்பவர்களும் உண்டு. இதற்குப் பக்கக் கண்ணாடிகள் வேண்டும். நம் ஊர்களில் வண்டி வாங்கிய மறுநாளே அவற்றைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்களே, அது ஏன் என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வகைச் சிறு வண்டியின் எடை 90 கிலோவை எட்டாது. பின்சக்கரத்துக்கும் அப்பால் பெரிய மூட்டையைக் கட்டினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். முன்சக்கரம் இலேசானால் கைப்பிடி சொன்னபடி கேளாது; முன் பிரேக்கும் சரிவரப் பிடிக்காது. மூட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு எளிதில் வண்டி சாயும். இளைஞன் காலை ஊன்றி நிறுத்திவிடுவான். முழங்கால் தேய்ந்தவர் வண்டியோடு சேர்ந்து சாய்வார். பாவையும் ஊடை நூலையும் ஒரே நடையில் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரம் பல விழுக்காடுகளுக்குக் காரணமாயிருப்பதைக் கண்டிருக்கிறோம். கனமான பொருளைக் காலடித் தட்டில் வைத்து, இலேசானதைப் பின்னால் கட்டுவது உத்தமம்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாத நிலையில் இறந்தவர்கள் 50,029 பேர்; அதில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு 64,105 என்ற கணக்கோடு முதலிடத்தில் நின்றது நமது தமிழகமே. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள், ஹெல்மெட் அணிவதால் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயம் ஏற்படும் அபாயம் 69 சதவீதமும் மரண அபாயம் 42 சதவீதமும் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். அதை வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு, போலீஸ்காரரைக் கண்டதும் தலைக்கு மாற்றுகிறவர்களுக்கு இக்கணக்கில் இடமில்லை. பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து வரும் மனைவிக்கும் அது வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு சொல்வதாகும்.

இனி நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருவோம். வயதானவர் அதே வேகத்தில் அதே சாலையில் விழுந்தாலும், அவருடைய உடல் கொடுக்கும் விலை அதிகம். அந்த விலை அன்றைக்கே தெரியாமலும் போகலாம்.

நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில் 64 வயதான அங்கத்தினர் ஒருவர், துணி கொண்டுவரும் வழியில், சாலையில் பரப்பியிருந்த கொள்ளுச் செடியின்மேல் வண்டி வழுக்கி விழுந்தார். ஹெல்மெட் இல்லை. நெற்றியோரம் சிறு வீக்கம், இரத்தம்கூட வரவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, சங்கத்துக்கு வந்து துணியை ஒப்படைத்துவிட்டு, காப்பி அருந்திவிட்டுப் போனார். மூன்று வாரங்கள் கழித்து அவர் கொண்டுவந்த துணியில் மிதி தவறிய கோடுகள் காணப்பட்டன. நாற்பது ஆண்டுகளாகக் குறை சொல்ல இடம் வைக்காத கை அது. துணியைப் பார்த்து எடுக்கும் எழுத்தர், “என்ன மாமா, மிதி தப்புகிறது?” என்று கேட்டார். “இடக்கால் கொஞ்சம் சொன்னபடி கேட்கமாட்டேனென்கிறது, தம்பி” என்று பதில் வந்தது. இடக்கால் செருப்பு தானே கழன்று விழுவதை அவர் மனைவியும் கவனித்திருந்தார். வயதாகிறது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எழுத்தருக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு முந்திய விழுக்காடு நினைவுக்கு வந்தது. மறுநாளே மாவட்டத் தலைநகருக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் எடுத்ததில், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே வலப்பக்கம் இரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. ஓட்டில் துளையிட்டு அதை வெளியேற்றினார்கள். அவர் பிழைத்தார், மீண்டும் நெய்கிறார்.

இது அபூர்வமான நோயன்று. வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குகிறது. அதனால் மூளையின் மேற்பரப்பிலிருந்து உறைக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சாதாரண அதிர்ச்சியிலேயே அவை அறுபடக்கூடும். கசிவு மிக மெதுவாக நடப்பதால் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ அடையாளம் தெரியாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் முதலிய இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை உண்பவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். மேற்சொன்ன அங்கத்தினரும் அத்தகைய மாத்திரை உண்பவரே. ஓயாத தலைவலி, பகலில் தூக்கம், பேச்சில் தடுமாற்றம், ஒரு கையோ காலோ பலங்குறைதல், இயல்புக்கு மாறான மறதி ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும், விழுந்து இரண்டு மாதமாகியிருந்தாலும், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்ட முதியவர் இத்தகைய மாத்திரை உண்பவராயின், அடையாளம் தோன்றும் வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது.

விலா எலும்பு முறிவும் அப்படித்தான். கட்டு இல்லை, தையல் இல்லை என்பதால் வீட்டார் அதை இலேசாக எண்ணுகிறார்கள். வலிக்கு அஞ்சி முதியவர் ஆழ்ந்து மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. நெஞ்சில் சளி தங்கி நிமோனியா காய்ச்சல் வந்துவிடுகிறது. மருந்தால் வலியைக் குறைத்துக்கொண்டு, ஒரு தலையணையை மார்போடு அணைத்தபடி மணிக்கொரு முறை ஆழ்ந்து மூச்சிழுத்து இருமுவது அவசியம்.

எலும்பு முறிந்தவர்களில் பலர் நேரே கட்டு வைத்தியரிடம் செல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கலையை இழித்துப் பேச நாம் முன்வரவில்லை. ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் கட்டிக்கொள்வது தகாது. கட்டியபின் விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி அடங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, அந்தக் கட்டை உடனே அவிழ்த்தாக வேண்டும். இறுக்கிய கட்டினால் இரத்தவோட்டம் நின்று கையையே இழந்தவர்கள் உண்டு. நீரிழிவுக்காரர் இதில் இருமடங்கு கவனமாயிருத்தல் வேண்டும். புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும் மருத்துவர்கள் உறுதியாகக் கூறுவதே.

படுக்கையே மருந்து என்று நினைப்பது பழைய எண்ணம். முதியவரின் தசை, படுத்த சில நாட்களிலேயே கரையத் தொடங்கி, திரும்ப வர மாதங்கள் பிடிக்கும். டாக்டர் அனுமதித்த அன்றே எழுந்து உட்காருவதும், பிடித்துக்கொண்டு நடப்பதும், முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றைக் குறையாமல் உண்பதும் வேண்டும். நெசவாளர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தோள். கையைத் தூளியில் தொங்கவிட்டபடியே வாரக்கணக்கில் இருந்துவிட்டால் தோள் மூட்டு இறுகிப்போகும். நாடாவை ஓட்டக் கயிற்றைச் சுண்டி இழுப்பது அந்தத் தோள்தான். எலும்பு கூடியபின் தறி அவருக்காகக் காத்திருக்கும். இறுகிய தோளோடு போனால் அரை முழம்கூட நெய்ய முடியாது. டாக்டர் சொன்ன நாளில் பயிற்சியைத் தொடங்கி, முதல் சில வாரங்கள் தார் சுற்றுவது போன்ற இலேசான வேலையைச் செய்து, பிறகு அரை நாள் தறியில் உட்காருவது நல்ல முறை. இதற்கு இடங்கொடுக்கும் வகையில் பாவுக் கெடுவை நீட்டித்துத் தருவது சங்கத்தின் கையில் இருக்கிறது.

மீண்டும் எப்போது வண்டி ஏறலாம்? கழுத்து இருபுறமும் திரும்ப வேண்டும். இரு கைகளும் பிரேக்கை அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். எந்தக் காலை ஊன்றினாலும் அது வண்டியைத் தாங்க வேண்டும். பிறர் உதவியின்றி வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்ற முடிய வேண்டும். மயக்கந்தரும் வலி மாத்திரை உண்ணும் காலத்தில் கூடாது. விழுந்த இடத்தைக் கடக்கும்போது நெஞ்சு படபடப்பது இயல்பு. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. சுமையில்லாமல், பகலில், துணையோடு சில நாள் ஓட்டினால் அது பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாமல் தூக்கமும் கெடுமானால் அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதே.

தஸ்தாவேஜுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நமது உத்தியோகத்துக்கு அழகில்லை. வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமுற்றாலோ 15 லட்சம் ரூபாய் வழங்கும் கட்டாய விபத்துக் காப்பு 2018 முதல் இருக்கிறது. ஆனால் வண்டி மகன் பெயரில் இருந்து தந்தை ஓட்டினால் இந்தக் காப்பு தந்தைக்கு இல்லை. நம் ஊர் முதியோரில் எத்தனை பேர் மகன் பெயரிலுள்ள வண்டியை ஓட்டுகிறார்கள் என்பதை அங்கத்தினர்களே எண்ணிப் பார்க்கலாம். புதிய வண்டிக்கு ஐந்தாண்டு இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டோம் என்று நினைப்பதும் ஒரு மயக்கம். ஐந்தாண்டு என்பது பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கே. சொந்த விபத்துக் காப்பு ஓராண்டுக்கு மட்டும் எடுக்கப்பட்டிருக்கக்கூடும். லைசென்ஸ் காலாவதியாகியிருந்தாலும் இத்தொகை கிடைக்காது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 55 வயதுக்குமேல் புதுப்பிக்கும் லைசென்ஸ் ஐந்தாண்டுகளே செல்லும். வங்கிகளின் வழியே ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதம மந்திரி சுரட்சா பீமா திட்டத்தில் 70 வயது வரை இருக்கலாம்; மகன் வண்டியை ஓட்டுபவருக்கும் இது பொருந்தும்.

விழுந்தவரைத் தூக்க அஞ்சவேண்டியதில்லை. உதவியவரைப் பாதுகாக்கவென 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, அரசு வகுத்த உச்சவரம்புக்குள், கட்டணம் வாங்குவதில்லை. 108-ஐ அழைப்பவர், முதியவர் உண்ணும் மாத்திரைகளின் பெயரையும் சொல்ல முடிந்தால் மிக நன்று. ஆகவே அப்பெயர்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

சங்கங்களும் தம் பங்குக்குச் சில செய்யலாம். பல நெசவாளர் சங்கங்களில் துணி வாங்குவது மாலை நான்கு மணிக்குமேல்தான் சூடுபிடிக்கிறது. முதியவர்கள் பாவு மூட்டையோடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. கூலி வங்கிக் கணக்குக்கே சென்றுவிடும் இக்காலத்தில் மாலைவரை காத்திருக்கக் காரணமில்லை. அறுபது வயது கடந்தவர்களுக்குக் காலை பத்து முதல் ஒரு மணி வரை என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும், செலவு ஏதுமில்லை. பால் சங்கங்களுக்கு இவ்வசதி கிடையாது. வண்டி வரும் நேரத்துக்குப் பால் சேர வேண்டியிருப்பதால், இருட்டோடு புறப்பட்டே ஆகவேண்டும். அதுவும் நீரிழிவு மாத்திரை உண்டுவிட்டு வெறும் வயிற்றோடு புறப்படுவது மயக்கத்துக்கு வழி. அங்கே ஒரே தெருவிலுள்ள முதியவர்களின் பாலை இளையவர் ஒருவர் முறைவைத்துக் கொண்டுவரலாம். அவரவர் பால் தனித்தனியே சோதிக்கப்படுவதால், கேன்களில் அங்கத்தினர் எண்ணைப் பெயிண்டால் எழுதி வைத்துவிட்டால் கணக்கில் குழப்பம் நேராது.